குன்றும் மன்றும்

பேசத் தெரிந்தவர் எல்லார்க்கும் ஊர் மன்றத்தில் பேச இடம் கிடைத்ததுண்டா? இடம் கிடைத்துப் பேசியவர், பிறர் பேசும்போது செவி கொடுத்ததுண்டா? மக்களாட்சியைப் பற்றி எழும் வினாக்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டில் அடங்கிவிடும். இவற்றுக்கு விடை தேடுவோர் நூலகத்துக்குச் செல்வதற்கு முன் ஒரு குன்றின்மேல் ஏறிப் பார்ப்பது நன்று. கிரேக்க நாட்டின் தலைநகராகிய ஏதென்ஸில், அக்ரோபொலிஸுக்கு மேற்கே அமைந்துள்ள பினிக்ஸ் குன்றே அது.

அக்ரோபொலிஸின் பளிங்குக் கோயில்களைக் காண உலகமே திரண்டு செல்கிறது. பினிக்ஸ் குன்றுக்கு வருவோர் மிகச் சிலர். அங்கே வானளாவிய தூண்கள் இல்லை; கண்ணைக் கவரும் சிலைகளும் இல்லை. பாறையைக் குடைந்து சமைத்த மேடை ஒன்று, அதில் ஏறச் சில படிகள், அதன் முன்னே அரைவட்டமாய் விரிந்து கிடக்கும் வெற்று நிலம், அந்நிலத்தைத் தாங்கி நிற்கும் பெருங்கற்சுவர், இவையே அங்குள்ளவை. கூரையற்ற காட்சிச்சாலை என்று அதனைச் சொல்லலாம். மற்றக் காட்சிச்சாலைகளில் மன்னர் அணிந்த முடியையும் ஏந்திய வாளையும் காண்கிறோம். இங்கோ, மக்கள் கூடியமர்ந்து பேசிய இடமே காட்சிப் பொருளாக இருக்கிறது.

நிலமும் குரலும்

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஏதென்ஸ் குடிமக்களின் பேரவை இக்குன்றில் கூடியது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஆண்டுக்கு நாற்பது முறை அது கூடிற்று. சில முடிவுகளுக்குக் குறைந்தது 6,000 பேர் வந்திருத்தல் வேண்டும் என்பது விதி. பொழுது புலரும் வேளையில் கூட்டம் தொடங்கும். மக்களை ஏமாற்றப் பேசுவோர்மீது சாபம் கூறிய பின்னரே, பேச விரும்புவோர் யார் என்று அறிவிப்போன் கேட்பான். அந்த அழைப்பைக் கேட்டுச் செருப்புத் தைப்பவனும் எழலாம், செல்வனும் எழலாம். பெரிக்கிளீஸும் டெமாஸ்தனிஸும் புகழ் பெற்றது இந்தப் பேரவையில்தான்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. பேசுபவனின் குரல் எட்டும் தொலைவே மன்றத்தின் எல்லை. நகரம் ஒன்று எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஆராய்ந்த அரிஸ்டாட்டில், அறிவிப்போனின் குரல் எட்டாத அளவுக்கு அது பெருகிவிடலாகாது என்று கருதினார். நிலத்தின் சரிவும் காற்றின் போக்கும் மனிதக் குரலின் வலிமையும் சேர்ந்தே அன்றைய மக்களாட்சிக்கு வடிவம் தந்தன.

நிலத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவை உணர்த்தும் செய்தி ஒன்றைப் புளூட்டார்க் குறித்திருக்கிறார். தொடக்கத்தில் பினிக்ஸ் மேடை கடலை நோக்கி இருந்ததாம். கி.மு. 404-இல் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பது கொடுங்கோலர் அதனை உள்நாட்டு நிலத்தை நோக்கித் திருப்பி அமைத்தனராம். துடுப்பு வலிக்கும் ஏழைகளே கடற்படையின் உயிர். கடலைப் பார்த்துப் பேசினால் அவர்களின் வலிமை நினைவுக்கு வரும். வயலைப் பார்த்துப் பேசினால் செல்வர் ஆட்சிக்கு உழவர் அவ்வளவாக எதிர்ப்புக் காட்டார் என்பது அவர்கள் கணக்கு. 1930-களில் நடந்த அகழாய்வு, மன்றம் மூன்று கட்டங்களாக அமைக்கப்பட்டதையும், இரண்டாம் கட்டத்தில் அதன் திசை மாற்றப்பட்டதையும் காட்டியது. அந்த மாற்றத்துக்கு வேறு நடைமுறைக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும் பேச்சை அஞ்சுபவன் பேசும் இடத்தின்மீதே முதலில் கை வைப்பான் என்னும் உண்மையைப் புளூட்டார்க்கின் செய்தி நமக்குச் சொல்லிவிடுகிறது.

கேட்ட நாளும் கேளாத நாளும்

பேசும் உரிமை இருந்துவிட்டால் அறம் தானே தழைத்துவிடுமா? இக்குன்றின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

கி.மு. 427-இல், லெஸ்பாஸ் தீவிலுள்ள மிட்டிலீன் நகரத்தார் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றனர். சினம் மிகுந்த பேரவை, அந்நகரத்து ஆடவர் அனைவரையும் கொன்று பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்குமாறு ஆணையிட்டது. ஆணையைச் சுமந்து கப்பல் ஒன்று புறப்பட்டும்விட்டது. மறுநாள் விடிந்தபோது மக்களின் மனம் உறுத்தியது. பேரவை மீண்டும் கூடியது. முடிவை மாற்றலாகாது என்று கிளியோன் முழங்கினான். சினத்திலும் விரைவிலும் எடுத்த முடிவு நன்முடிவு ஆகாது என்று டயடோட்டஸ் எடுத்துரைத்தான். ஏறத்தாழச் சரிபாதியாகக் கைகள் உயர்ந்தன. மயிரிழையில் டயடோட்டஸின் பக்கம் வென்றது. இரண்டாம் கப்பல் விரைந்தது. துடுப்பைக் கைவிடாமலே உணவுண்டு, முறைவைத்து உறங்கி, இரவும் பகலும் வலித்துச் சென்ற அவ்வீரர்கள், கொலை ஆணை படிக்கப்பட்ட வேளையில் கரை சேர்ந்தனர். கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர்கள் கொல்லப்பட்டனர் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் நகரம் பிழைத்தது.

இருபத்தொரு ஆண்டுகள் கழிந்தன. கி.மு. 406-இல் ஆர்ஜினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலின் காரணமாக, மூழ்கிய கப்பல்களில் தத்தளித்தோரைப் படைத்தலைவர்கள் மீட்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே உசாவித் தீர்ப்பளிப்பதே முறை. கொதித்தெழுந்த பேரவையோ, எல்லாரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க வேண்டும் என்று கூச்சலிட்டது. அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரட்டீஸ் அதற்கு உடன்பட மறுத்தார். பயனில்லை. ஊரில் இருந்த ஆறு தலைவர்கள் கொல்லப்பட்டனர். பின்னர் அதே மக்கள் வருந்தினர். தம்மைத் தூண்டிவிட்டவர்கள்மீதே குற்றம் சாட்டினர். போன உயிர்கள் திரும்பவில்லை.

நகரம் ஒன்றுதான், மக்களும் பேச்சுரிமையும் மாறவில்லை. முன்னதில் ஒரு பேரழிவு தவிர்ந்தது. பின்னதில் ஒரு பெரும்பழி நேர்ந்தது. வேறுபாடு எங்கே இருந்தது? முதல் நிகழ்ச்சியில் மக்கள் எதிர்ப்பக்கத்தைக் கேட்கத் தம் சினத்தை ஒரு பகற்பொழுது அடக்கினர். இரண்டாம் நிகழ்ச்சியில் கேட்கவே மறுத்தனர். பேசுவதற்குத் துணிவு வேண்டும் என்பர். நமக்கு உடன்பாடில்லாததை இறுதிவரை கேட்பதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். மக்களாட்சியின் உயிர்நிலை நாவில் இருப்பதாகவே நாம் எண்ணிவருகிறோம். அது செவியில் இருக்கிறது என்பதே இக்குன்று தரும் பாடம்.

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். அவையறிதல், அவையஞ்சாமை என்று பேசுவோர்க்கு அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருப்பது எண்ணத் தக்கது.

மன்றத்துக்கு வெளியே நின்றவர்கள்

இக்குன்றைப் போற்றும்போது அதன் குறையையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. அங்கே பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கு இடமில்லை. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை. 'மெட்டிக்' எனப்பட்ட அக்குடியேறிகள் தொழில் செய்தனர், வாணிகம் வளர்த்தனர், போர் வந்தால் படையிலும் சேர்ந்தனர். ஆண் ஒருவர் ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி கட்டவேண்டும். கி.மு. 451-இல் பெரிக்கிளீஸ் கொணர்ந்த சட்டத்தின்படி, தாய் தந்தை இருவரும் குடியுரிமைக் குடும்பத்தினராய் இருந்தால்தான் பிள்ளை குடிமகன் ஆவான். ஆகவே எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் அவர்கள் வந்தவர்களாகவே இருந்தனர்.

லிசியாஸ் என்பவன் அத்தகைய குடும்பத்தவன். அவன் தந்தை சிராக்யூஸிலிருந்து வந்தவர். முப்பதின்மர் ஆட்சியில் அவன் உடைமை பறிபோனது, அண்ணன் கொல்லப்பட்டான். மக்களாட்சியை மீட்கப் போராடியவர்களுக்கு அவன் பொருளுதவி செய்தான். அதற்குக் கைம்மாறாக அவனுக்குக் குடியுரிமை அளிக்க எடுத்த முயற்சியும் சட்டக் குறை காட்டித் தள்ளப்பட்டது. பிறர் வழக்கு மன்றங்களில் பேசுவதற்கு உரைகள் எழுதிக் கொடுத்தே அவன் வாழ்ந்தான். இன்று கிரேக்கத்தின் சிறந்த பேச்சாளர் பதின்மருள் ஒருவனாக அவன் எண்ணப்படுகிறான். பேச்சுக்கலைக்கே இலக்கணம் வகுத்த அரிஸ்டாட்டிலும் குடியேறியவர்தாம். ஏதென்ஸில் இருமுறையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவருக்குப் பினிக்ஸ் மேடையில் ஏறிப் பேச உரிமை இல்லை. தன் நலத்துக்கு உழைத்தவர்களின் குரலைத் தானே இழந்த நகரம் அது.

மேடைக்கு அருகே பாறையில் சிறு சிறு மாடங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பேரவை அவ்விடம் விட்டுப் போன பின், உரோமர் ஆட்சிக் காலத்தில், அங்கே சியூஸ் கடவுளை நோய் தீர்ப்பவராக வழிபட்டனர். கண், மார்பு, கை போன்ற உறுப்புகளைச் செதுக்கிய நேர்த்திக்கடன் பலகைகள் அங்கே கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை வைத்தவர்கள் பெண்கள். அவர்கள் பெயர்களும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. பெண்ணின் குரலுக்கு இடந்தராத பாறை, அவள் பெயரையும் வலியையும் தாங்கி நின்ற விந்தையை என்னென்பது! கிரேக்கப் பெண்களுக்கு முழு வாக்குரிமை 1952-ஆம் ஆண்டில்தான் வந்தது.

நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. கணக்குக் காட்டாதவன் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்னும் அதன் விதி இன்றும் மெச்சத் தக்கது. ஆனால் அங்கும் நிலமுடைமையும், சொந்த மனையும், வேதக் கல்வியும் கேட்கப்பட்டன. உழுதவனும் நெய்தவனும் பெண்ணும் அக்குடத்தில் இடம்பெறவில்லை. பழம்பெருமை பேசுவோர் இரு பக்கமும் பேசுதல் கடன்.

நாம் நிற்கும் இடம்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து வாழும் நாம் மெட்டிக்குகள் அல்லோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கவும் கருத்துரைக்கவும் குடிமக்கள் எல்லார்க்கும் உரிமை தந்துள்ளது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ தன் கருத்தை நன்கு வெளியிட இயலாத உறுப்பினர், அவைத் தலைவரின் இசைவோடு நாடாளுமன்றத்தில் தாய்மொழியிலேயே பேசலாம் என்று அதன் 120-ஆம் பிரிவு கூறுகிறது. ஏதென்ஸ் தர மறுத்ததை இந்நாடு எழுத்தில் தந்திருக்கிறது.

எழுத்தில் உள்ளதை வாழ்வில் நிறைவேற்றுவது நம் பொறுப்பு. குடியிருப்புக் கூட்டத்தில் மொழி தடுமாறுமே என்று வாய் திறவாது திரும்பும் தமிழர் எத்தனை பேர்! நாம் பேசத்தான் வேண்டும். தடுமாறும் மொழியில் சொன்ன நியாயமும் நியாயமே.

ஆனால் அத்துடன் நம் கடன் தீரவில்லை. இன்று திருப்பூரின் பின்னலாடைச் சாலைகளிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் ஏராளமாக உழைக்கின்றனர். நாம் சென்ற இடத்தில் எதை எதிர்பார்த்தோமோ அதையே அவர்கள் நம் ஊரில் எதிர்பார்க்கின்றனர். புரியாத மொழி பேசுபவனின் குறையைப் பொறுமையோடு கேட்பது எத்தகைய உதவி என்பதை நம்மைப்போல் அறிந்தவர் யார்? ஊரிலுள்ள உறவினர்க்கு அதனை எடுத்துச் சொல்லும் தகுதியும் நமக்கே உண்டு.

நம் இல்லங்களும் மன்றங்களே. வளரும் பிள்ளைகள் கொச்சைத் தமிழில், வேற்றுமொழி கலந்து ஒரு மறுப்பைச் சொல்லத் தொடங்கும்போது, சொல்லைத் திருத்தும் ஆவலில் பொருளைக் கேளாது விடுகிறோம். திருத்தம் பிறகு வரட்டும், முதலில் கேட்போம். இக்காலத்தில் கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் ஒரு மேடையைத் தந்துவிட்டது. அரிஸ்டாட்டில் வகுத்த குரலெல்லை மறைந்துவிட்டது. பேசுவோர் தொகை பெருகிய அளவுக்குக் கேட்போர் தொகை பெருகியதாகத் தெரியவில்லை.

பினிக்ஸ் குன்றில் மேடை சிறியது; அதன் முன் விரிந்த நிலமோ பெரியது. மேடையில் ஒருவர் நிற்க, நிலத்தில் ஆயிரவர் அமர்ந்து கேட்டனர். மன்றம் என்பது பெரிதும் கேட்போருக்காகவே அமைந்தது என்பதை அந்த அளவே காட்டுகிறது. நம் சங்கங்களும் அவ்வாறே அமைவதாக.