பனிக்காலம் வைத்த அளவு

ஜூன் பிறந்த பிறகும் அந்தக் கரையில் பனி முழுதாக விலகியிருக்காது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் ஓரமாக சர்ச்சில் என்றொரு சிற்றூர். அதற்குக் கிழக்கே லா பெரூஸ் விரிகுடா. வெண்கரடிகள் நடமாடும் இடம். ஓங்கிய மரம் கிடையாது. கடல் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பும் அதன்மேல் கவிந்த வானமும்தான்.

அந்தச் சதுப்பில் ஒரு புல்விரிப்பு உண்டு. நின்று பார்த்தால் யாரோ ஒட்ட வெட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும். மண்டியிட்டுப் பார்த்தால், தரையோடு ஓடும் உப்புப்புல் ஒன்று, குட்டைக் கோரை ஒன்று, பெரும்பாலும் இவ்விரண்டுதான். இரண்டும் ஒரு விரல் உயரத்தைத் தாண்டுவது அரிது. அந்த உப்புப்புல் விதை கட்டுவதில்லை. ஓடுதண்டு விட்டுப் பரவும். இல்லாவிட்டால் பிய்ந்து விழும் துண்டு முளைத்துப் பரவும். ஈரச் சேற்றில் ஓர் இலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டால் போதும், வேர் பிடித்துவிடும்.

அதைப் பிய்த்துப் போடுவது பனி வாத்து. வாயிலிருந்து தவறிய துணுக்கு அதன் காலடியிலேயே அடுத்த புல்லாகிறது. மேய்கிற வாய்தான் நடவும் செய்கிறது.

இந்த வாத்துகள் குளிர்காலத்தை அமெரிக்காவின் தெற்கே, மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் கழித்துவிட்டு இங்கே வந்து முட்டையிடுகின்றன. பொரித்த அன்று குஞ்சின் எடை நூறு கிராமுக்கும் குறைவு. ஆறேழு வாரத்தில் அது ஒன்றரைக் கிலோ அளவுக்கு வளர்ந்து பறக்கவும் ஆயத்தமாக வேண்டும். கோடை அவ்வளவு குறுகியது. அதே நாட்களில் தாய்க்கும் தந்தைக்கும் சிறகின் பெரிய இறகுகள் உதிர்ந்துவிடுவதால் சில வாரங்கள் அவற்றாலும் பறக்க முடியாது. வானத்துப் பறவைகளின் குடும்பம் முழுவதும் தரையிறங்கி, புல்லை மட்டும் நம்பி நடக்கிறது. ஒரு கொத்து, ஓரடி. மறுபடி ஒரு கொத்து, ஓரடி. சில நிமிடத்துக்கு ஒருமுறை எச்சம்.

அந்த எச்சத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. குளிர்ந்த மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது. செடிக்கு வேண்டிய நைட்ரஜன் பழைய இலைதழைகளுக்குள் பூட்டிக் கிடக்கும். மண்ணின் நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் செய்யவேண்டிய வேலையை வாத்தின் குடல் அன்றைக்கே முடித்து, செடி உடனே உறிஞ்சத்தக்க உரமாக அதே சதுப்பில் வைத்துவிட்டுப் போகிறது. மேய்ந்து வெளுத்த இடைவெளிகளில் வெயில் தரையைத் தொடும். அங்கே நீலப்பச்சைப் பாசி படர்ந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் மண்ணுக்கு இறக்கித் தரும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

1968 முதல் பறவை ஆய்வாளர் ஃபிரெட் குக் இங்கே பனி வாத்துகளை ஆண்டு தவறாமல் கவனித்துவந்தார். தாவர ஆய்வாளர் ராபர்ட் ஜெஃப்ரீஸ் வந்து புல்லின் பக்கமிருந்து பார்த்தார். டேவிட் ஹிக் என்பவரும் அவரும் சேர்ந்து 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குத் தியானப் பொருளாகவே ஆகிவிட்டது. சதுப்பில் சிறு சிறு பாத்திகளைக் குறித்து, வளர்ப்பு வாத்துக் குஞ்சுகளை வெவ்வேறு நேர அளவுக்கு அவற்றில் மேயவிட்டார்கள். சில பாத்திகளில் எச்சம் விழுந்தபடியே கிடந்தது. சிலவற்றில் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். அளவாக மேய்ந்து எச்சமும் விழுந்த பாத்தியில், யாருமே தொடாத பாத்தியைவிடக் கூடுதலாகப் புல் விளைந்தது. மேய்ச்சல் மிகுந்த இடத்தில் அந்த ஆதாயம் குறைந்தது. எச்சத்தை எடுத்துவிட்ட இடத்திலோ ஆதாயமே இல்லை.

வாத்தை வேலி போட்டு விலக்கி வைத்தும் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் வேறு புற்கள் உயர்ந்தன. காய்ந்த தாள் மண்டியது. குட்டைப் புல் அடியில் அமுங்கி மறைந்தது. இதைப் படித்த அன்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். உலகத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்பதுதான் தூய்மை என்று எங்கோ மனத்தில் பதிந்திருக்கிறது. உண்பதே ஒரு குற்றம்போலவும், குறைவாகத் தீண்டியவர் குறைவான கடன்காரர் என்பது போலவும். அந்தப் புல் அப்படிச் சொல்லவில்லை. என்னைத் தின்னு, தின்றதைத் திருப்பிக் கொடு, அப்புறம் ஓரடி தள்ளிப் போ என்கிறது.

தள்ளிப் போவது என்ற அந்த மூன்றாவது வார்த்தையில்தான் பின்னாளில் பிசகு வந்தது.

முன்பெல்லாம் வாத்துகளுக்குக் குளிர்காலம் என்பது தெற்கே கடலோரச் சதுப்பில் அகப்பட்டதைத் தின்று ஒப்பேற்ற வேண்டிய காலம். இரை எல்லாருக்கும் போதாது, நலிந்தவை உதிரும், தேறியவை வடக்கே போகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தக் கணக்கு மாறியது. டெக்சாஸிலும் லூசியானாவிலும் நெல்வயல்கள் விரிந்தன. வடக்கே போகும் வழியில் மக்காச்சோள வயல்கள் விரிந்தன. ரசாயன உரம் விளைச்சலைக் கூட்டியது. அறுவடையில் சிந்திய மணிகளே ஒரு கூட்டத்துக்குப் போதுமானவையாக இருந்தன. வாத்துகள் பிழைத்தன, பெருகின. ஆண்டுக்காண்டு கூடுதலாக வடக்கே வந்து இறங்கின.

அங்கே பனி உருகத் தொடங்கும்போது பச்சை இன்னும் தலைகாட்டியிருக்காது. பசியோடு வந்த வாத்து அலகால் சேற்றைக் கிளறி, வேரையும் அடித்தண்டையும் பிடுங்கித் தின்னும். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. கொஞ்சம் வாத்துகள் கிளறிய குழியை அந்தக் கோடையே ஆற்றிவிடும். பல்லாயிரம் வாத்துகள் கிளறினால் ஆற்றுவதற்குப் புல் மிஞ்சாது.

அந்தக் கரை ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்தது. பழைய பனிப்பாளங்களின் பாரம் நீங்கியதிலிருந்து, நூறாண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று இன்றும் மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது. அதன் களிமண்ணுக்குள் பழங்கடலின் உப்பு இருக்கிறது. புல் போர்த்தியிருந்தவரை அது அடங்கிக் கிடந்தது. போர்வை கிழிந்ததும் வெயில் ஈரத்தை உறிஞ்சியது; ஈரத்தோடு உப்பும் மேலேறியது. கோடையில் சில இடங்களில் சேற்றின் உப்பு கடல்நீரையும் மிஞ்சியது. அங்கே விழுகிற இலைத் துணுக்கு வேர் பிடிப்பதில்லை. ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலத்தின் உப்புச் சதுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிட்டது என்று 1990-களின் இறுதியில் கணக்கிட்டார்கள். லா பெரூஸில் குஞ்சுகள் முன்னைவிடச் சிறுத்தே வளர்ந்தன. குடும்பங்கள் புல் தேடி வெகுதூரம் நடக்கலாயின.

யாரைக் குறை சொல்வது? வாத்துக்குப் பேராசை முளைக்கவில்லை. அதன் பசி அன்றைய பசிதான், அலகு அன்றைய அலகுதான். தெற்கே நெல் விதைத்தவர் வடக்கே ஒரு புல் இருப்பதைக்கூட அறிந்திருக்க மாட்டார். இத்தனை காலம் அந்தப் புல்லைக் காத்தது வாத்தின் அடக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. காத்தது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு பற்றாக்குறை. ஒரு பனிக்காலத்து வெறும் வயிறு, ஒரு கோடைக்காலத்துப் புல்லுக்குக் காவல் நின்றிருக்கிறது.

என் நற்குணங்கள் என்று நான் வைத்திருக்கும் பட்டியலை அதன்பின் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். எளிமை என்று நான் பெருமைப்பட்ட சிலவற்றின் அடியில் வெறும் இல்லாமைதான் இருந்தது. கையில் காசு இல்லாத நாட்களில் நான் ஆசையை வென்றவன்போல இருந்தேன். காசு வந்ததும் வென்றது யார் என்று தெரிந்துவிட்டது.

பெரியவர்கள் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். ஏகாதசிக்கு ஒருவர் பட்டினி இருக்கிறார். ரமலானில் ஒருவர் அந்திவரை தண்ணீரும் பருகாமல் இருக்கிறார். தவக்காலத்தில் ஒருவர் விருப்பமான உணவை விலக்குகிறார். இல்லாததால் உண்ணாமல் இருப்பது வறுமை. அதில் புண்ணியம் ஏதுமில்லை. இருந்தும் உண்ணாதிருப்பதைத்தான் நோன்பு என்றார்கள். பனிக்காலம் தானாக வராத வீட்டில், நாமே அழைத்து உட்காரவைக்கிற பனிக்காலம் அது. வாத்தால் அதை அழைக்க முடியாது. நம்மால் முடியும்.

சில வீடுகளில் பிடி அரிசி எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. உலைக்கு அரிசியை அளந்து முறத்தில் கொட்டியபின், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிப்பானையில் போடுவார்கள். கோயிலுக்கோ இல்லாதவருக்கோ அது போகும். அந்த ஒரு பிடி குறைந்ததால் அன்று யார் வயிறும் வாடியதில்லை. அளக்கிற கைக்குத்தான் அது பழக்கம்: போதும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்வதற்கு முன் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வது.

லா பெரூஸ் கரையில் புல் மிச்சமிருக்கும் இடங்களில் இந்தக் கோடையிலும் ஒரு குஞ்சு குனிந்து கொத்தும். கொஞ்சம் வாய்க்குள் போகும், ஒரு துணுக்கு சேற்றில் விழும். அது வேர் பிடிக்க வேண்டுமானால் அதன்மேல் நின்றுகொண்டிருக்கக் கூடாது. ஓரடி நகர வேண்டும்.