கர்த்தர் சித்தமும் காண்ட்ராக்டர் சித்தமும்

சேரிக் கோயில்களில் அடக்க ஆராதனைக்குப் போய்வந்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு தாக்கிச் செத்துப்போன பையனின் பெட்டிக்கு முன்னால் நின்று, "இது கர்த்தருடைய சித்தம், நாம கேள்வி கேட்கக் கூடாது" என்பார் பாஸ்டர். கத்தோலிக்கர் என்றால் 'இறைத்திட்டம்'. வார்த்தைதான் வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வாய் வேறு பேசும். குடிக்கிறது, கடன்படுறது, பிள்ளையப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துறது எல்லாம், "நீயாத் தேடிக்கிட்டது. தேவன் உனக்கு சுயசித்தம் கொடுத்தாரு, நீதான் தப்பாப் பயன்படுத்திட்ட." ஆக, நம்ம சாவுக்குக் கர்த்தர் சித்தம், நம்ம பாவத்துக்கு நம்ம சித்தம். பையனைத் தொட்டிக்குள் இறக்கிவிட்ட காண்ட்ராக்டரின் சித்தம் இந்தக் கணக்கில் எங்கேயுமே வருவதில்லை. மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாதென்று 1993இல் ஒரு சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பதையும் சேர்த்து 2013இல் இன்னொரு சட்டம். இரண்டையும் மீறி அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வைப் பற்றிப் பிரசங்கம் கிடையாது.

தலைவிதி, கர்மவினை என்பதையெல்லாம் வாசலில் கழற்றிவிட்டுத்தான் நம் பாட்டன் பூட்டன்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அது பின்பக்கமாகச் சுற்றிவந்து அங்கி மாட்டிக்கொண்டு பீடத்தில் நிற்கிறது.

இறையியல் படித்தவர்கள் இந்தச் சிக்கலை வேறுமாதிரி கேட்பார்கள். கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர். நாளைக்கு நான் என்ன செய்வேன் என்பது அவருக்கு இன்றைக்கே தெரியும். அப்படியானால் நான் தேர்ந்தெடுக்கிறேன் என்பதற்கு என்ன அர்த்தம்? நான் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் என்னைத் தண்டிப்பது என்ன நியாயம்? நல்ல கேள்விதான். 1600 வருஷமாகக் கேட்கிறார்கள். மனிதன் முயன்றால் நல்லவனாக முடியும் என்ற பெலாகியுசின் போதனையை, கிருபை இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று அகஸ்தீன் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுசின் பக்கத்தைத் தள்ளியது. அதே அகஸ்தீன்தான், பிரிந்துபோன தொனாத்துக்காரர்களை அரசாங்க பலத்தால் சபைக்குள் கொண்டுவருவது சரி என்றும் எழுதினார். சித்தம் பற்றிய தத்துவமும் சித்தத்தை வளைக்கிற தடியும் ஒரே மேசையில் இருந்தன. தத்துவ வகுப்பில் முதலாவதைச் சொல்லிக் கொடுத்து இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். யாருடைய சித்தம், யார் கையில் அதிகாரம் இருந்தபோது பேசப்பட்டது என்று பார்க்காமல் இந்த விவாதத்தைப் படிக்கவே முடியாது என்பது என் கட்சி.

1525ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மார்ச் மாதம் தெற்கு ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரத்தில் விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை அச்சடித்து வெளியிட்டார்கள். அதை எழுதியவர் என்று அறியப்படும் செபஸ்தியான் லோட்சர், விலங்குத் தோலில் உடுப்புத் தைக்கிற தொழிலாளி. (தோல் வேலை செய்கிறவன் வேதத்தைக் கையிலெடுத்தால் எங்கேயும் கலகம்தான் போலிருக்கிறது.) எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்பது முதல் கோரிக்கை. மூன்றாவது, பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பது. காரணம் வேதத்திலிருந்து சொன்னார்கள்: ஆடு மேய்க்கிறவனையும் சீமானையும் கிறிஸ்து ஒரே இரத்தத்தால் மீட்டிருக்கிறார், பிறகு ஒருத்தனுக்கு ஒருத்தன் உடைமையாக இருப்பது எப்படி? எங்கள் கோரிக்கையில் எதுவாவது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் அதை விட்டுவிடுகிறோம் என்று கடைசியில் சேர்த்தும் இருந்தார்கள். இதைவிடப் பணிவாக யாரும் கேட்டிருக்க முடியாது.

அவர்கள் நம்பியிருந்த ஆள் லூத்தர். கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி 1520இல் புத்தகம் எழுதியவர். பிரபுக்களைக் கடிந்துகொள்ளவும் செய்தார், இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் மூன்றாவது கோரிக்கைக்கு அவர் சொன்ன பதில்: கிறிஸ்துவின் சுதந்திரத்தை நீங்கள் மாம்சத்துக்கு உரியதாக்குகிறீர்கள், ஆபிரகாமும் அடிமைகள் வைத்திருந்தாரே. மே மாதம் கலகக்காரர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு இன்னொரு சிறுநூல். அந்தப் போரில் செத்த விவசாயிகள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பிணங்கள் மட்கி முடிவதற்குள், அதே வருஷம் டிசம்பரில், லூத்தரின் இன்னொரு நூல் வந்தது. அறிஞர் எராஸ்மஸ் முந்தின வருஷம் சுயசித்தத்தை ஆதரித்து எழுதியதற்கு மறுப்பு அது. தேவனுக்கு முன்பாக மனித சித்தம் அடிமை, சவாரி செய்கிறவன் போகிற பக்கம் போகிற மிருகம் போன்றது என்கிறார். தன் நூல்களில் உருப்படியானவை என்று பின்னாளில் அவர் சொல்லிக்கொண்ட ஒருசிலவற்றில் இதுவும் ஒன்று.

அந்த நூலில் ஓர் இடத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேலே இருக்கிற காரியங்களில்தான் மனிதனுக்குச் சுயசித்தம் கிடையாது, தனக்குக் கீழே இருக்கிறவற்றில், தன் பணத்தில், தன் உடைமைகளில் உண்டு என்கிறார். பண்ணையடிமை எந்தக் கணக்கில் வருவான்? உடைமைக் கணக்கில். அப்படியானால் பிரபுவுக்குத் தன் ஆள்மேல் சுயசித்தம் உண்டு, ஆளுக்கு எதன்மேல் உண்டு? லூத்தர் இதை யோசித்து எழுதினாரென்று நான் சொல்லவில்லை. அவர் யோசிக்கவில்லை என்பதுதான் விஷயம். மீட்பைப் பற்றி அவர் சொன்னதில் ஆழம் உண்டு, தன் புண்ணியத்தால் யாரும் சொர்க்கத்தை வாங்க முடியாது என்பதைச் சாதாரண ஜனங்களுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ஆத்துமா உள்ளே விடுதலையாகிவிட்டது, வெளியே இருக்கிற கட்டு அப்படியே கிடக்கட்டும் என்ற ஏற்பாடு அவரோடு நிற்கவில்லை.

அது கப்பலேறி இங்கேயும் வந்தது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சூத்திரக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆத்துமா ஒன்று, பாய் வேறு. சாதி சபைக்குள் இருக்கக் கூடாதென்று ஆங்கிலிக்க பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கண்டிப்பாகச் சொன்னதும், வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். பிறகு லீப்சிக் லூத்தரன் மிஷன் அவர்களில் பலருக்கு அடைக்கலம் கொடுத்தது. கத்தோலிக்கப் பக்கம் வாழ்கிறது என்று நினைக்க வேண்டாம், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்தைத் தனியாகப் பிரித்துச் சுவரெழுப்பியது அவர்கள்தான். செத்தவனுக்கு என்ன சித்தம் இருக்கு, சுவர் எதற்கு?

நாம் தேர்ந்தெடுத்தபோதெல்லாம் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். மதம் மாறியது நம் ஜனங்கள் செய்த பெரிய சுயசித்தக் காரியம். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர் வெளியே. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் உச்சநீதிமன்றம் வரை போனார். அவரைப் போலவே தைக்கிற இந்து ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. மாறிய மதத்திலும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லையென்று 1985இல் தீர்ப்பு வந்தது. அதே வெயில், அதே ஊசி, அதே செருப்பு. நீயாத்தானே போன, அனுபவி என்பதுதான் இதற்குப் பச்சைத் தமிழ் அர்த்தம்.

2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது கதை தலைகீழானது. சட்டத்தை மீறி மதம் மாற்றுகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. மாற்றப்பட்டவர் சிறுவர், பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் நான்கு வருஷம் வரை. அதாவது நாமும் பெண்களும் சின்னப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில். நமக்குச் சொந்தப் புத்தி கிடையாது, யாரோ மாவும் பால்பவுடரும் காட்டி இழுத்துப்போய்விடுவார்கள். 2004இல் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வரிசையை எழுதிய மூளை எங்கும் போய்விடவில்லை. சலுகை கேட்டால் 'நீயாகத் தேர்ந்தாய்', தேர்ந்தால் 'உனக்குத் தேரத் தெரியாது'. சபையின் இரட்டை நாக்கும் அரசின் இரட்டை நாக்கும் ஒரே குழியில் தண்ணீர் குடித்தவை.

சரி, கடவுளை என்ன செய்வது? நம்மில் சிலர் இதோடு கடவுளையே தூக்கிப்போட்டுவிடலாம் என்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போடுகிற நம் அம்மாக்களிடம் பேச வேறு பேச்சு வேண்டும்.

வயலில் மிராசுதாரை 'ஆண்டே' என்று கூப்பிட்டோம். கோயிலில் 'ஆண்டவரே' என்கிறோம். இரண்டும் 'ஆள்' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆண்டையின் வல்லமை எப்படிப்பட்டது என்று நமக்கு நன்றாகத் தெரியும். அவன் சித்தம் நடக்க வேண்டுமானால் நம் சித்தம் சாக வேண்டும். அவனுக்குக் கூடினால் நமக்குக் குறையும். சர்வவல்லவர் என்றதும் இந்த ஆண்டையைத்தான் வானத்தளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். சுயசித்தச் சிக்கலில் பாதி இந்தப் படத்திலிருந்து வந்தது.

வேறு படம் சபையின் பழைய சரக்கிலேயே கிடக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு முதலில் கேட்டது, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று. வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விட்டார். நம் போதகர்கள் பின்பாதியை மட்டும் வாசிப்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் கிறிஸ்துவுக்குள் தேவ சித்தம் ஒன்றுதான் உண்டு, மனித சித்தம் தனியாக இல்லை என்று ஒரு போதனை எழுந்தது. பேரரசின் ஒற்றுமைக்கு அது வசதியாக இருந்ததால் அரண்மனை ஆதரித்தது. மாக்சிமுஸ் என்ற கிழட்டுத் துறவி ஒப்பவில்லை. மனித சித்தம் இல்லையென்றால் தோட்டத்தில் வேண்டாமென்று சொன்னது எது? 662இல் அவருடைய நாக்கையும் வலதுகையையும் அறுத்து நாடு கடத்தினார்கள், அந்த வருஷமே செத்துப்போனார். 680-681இல் கூடிய கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவர் சொன்னதையே விசுவாசமாக ஏற்றது: கிறிஸ்துவுக்கு இரண்டு சித்தம், மனித சித்தம் அழிக்கப்படவில்லை. அது தேவ சித்தத்துக்குக் கீழ்ப்பட்டது என்றும் சங்கம் சொன்னது, அதை மறைக்க வேண்டியதில்லை. கீழ்ப்படுவதற்கும் முதலில் ஒரு சித்தம் இருக்க வேண்டுமல்லவா? கடவுளும் மனிதனும் ஒன்றாய்ச் சேர்ந்த அந்த ஒரே ஆளிடத்திலேயே மனித சித்தம் சாகவில்லை என்றால், சேரியில் மட்டும் அது ஏன் சாக வேண்டும்? கேள்வி கேட்கக் கூடாது என்கிற பாஸ்டர், சபையே தள்ளிய போதனையைத்தான் சபையின் பேரால் பேசுகிறார்.

இதோடு கணக்குத் தீர்ந்துவிடவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் குற்றம். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களென்று நம்ப முடியவில்லை என்றது உயர்நீதிமன்றம். அவர்களுக்கு அப்படியொரு சித்தம் இருக்கும் என்பதையே நம்ப மறுத்தார்கள். ஆல்வின் பிளாண்டிங்கா 1974இல் எழுதிய வாதம் இன்றும் இறையியல் வகுப்புகளில் ஓடுகிறது: மனிதருக்கு உண்மையான சுதந்திரம் இருக்க வேண்டுமானால் தீமை செய்யவும் இடம் இருந்தாக வேண்டும், சர்வவல்லவராலும் அதைத் தவிர்த்திருக்க முடியாமல் போகலாம். தர்க்கமாகப் பார்த்தால் ஓட்டையில்லை. ஆனால் கொளுத்துகிறவனின் சுதந்திரத்தைக் கடவுள் மதித்தார் என்றால், உள்ளே இருந்த 44 பேரின் சுதந்திரம் எங்கே போனது? அவர்களும் வாழத்தானே தேர்ந்திருந்தார்கள். சுதந்திரம் எல்லோருக்கும் சமமாய்ப் பங்கிடப்பட்டது போல இந்த வாதம் பேசுகிறது. நிலத்தைப் போல அதுவும் சிலரிடம் குவிந்து கிடக்கிறது. அவர்களோடு கடவுளும் எரிந்தார் என்று சொல்கிற இறையியலை நானும் படித்திருக்கிறேன். மரியாதையோடு கேட்கிறேன், கூட எரிஞ்சவரு கதவத் தொறந்திருக்கலாமே? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருக்கிறேன் என்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

யாத்திராகமத்தில் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது கர்த்தரா, பார்வோனேயா என்று இரண்டாயிரம் வருஷமாய்ச் சண்டை நடக்கிறது. இரண்டுவிதமாகவும் எழுதியிருக்கிறது. பார்வோனின் சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு கவலை. செங்கல் அறுத்தவர்களின் சுதந்திரம் பற்றி அந்த உரைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஆண்குழந்தை பிறந்தால் கொன்றுவிடு என்று ராஜா உத்தரவு போடுகிறான். அதை மீறச் சொல்லி அவர்களுக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. முட்செடியில் தீ எரிவதற்கும் மோசே பிறப்பதற்கும் முந்தின கதை இது. தேவனுக்குப் பயந்தார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிள்ளைகளைப் பிழைக்க விட்டார்கள். ராஜா கூப்பிட்டுக் கேட்டபோது, எபிரெயப் பொம்பளைங்க வலுவானவங்க, நாங்க போறதுக்குள்ள பெத்துடுறாங்க என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பகுதியை அடக்க ஆராதனையில் வாசித்து நான் கேட்டதில்லை.