உளச்சோர்வும் உடனுறைவார் கடனும்

திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்கு அண்மையில் வாழும் எம் தமையனார், விடியலிற் பொருநையில் நீராடித் திருமுறை ஓதும் நியமம் பல்லாண்டு வழுவாதவர். ஒருகால் அந்நியமம் நின்றது. நீராடச் சென்றிலர், உணவு செல்லவில்லை, உறக்கம் இல்லை, வினவினார்க்கு விடையும் இல்லை. பூசைப்பெட்டி திறவாது கிடந்தது. யாம் எதிரமர்ந்து, “பத்தி தளர்ந்ததனால் வந்த வாட்டம் இது, ஐந்தெழுத்தை உறுதியாகப் பற்றுங்கள்” என்று மொழிந்தோம். அவர் கண்ணீர் உகுத்து, “அதுவும் என்னால் ஆகவில்லையே தம்பி” என்றார்.

யாம் அன்று கூறியது சித்தாந்தத்திற்கே மாறானது. அப்பிழையை ஈண்டு எழுதுவது, அச்சொல் நம் மடங்களிலும் சபைகளிலும் இன்றும் எளிதாக வழங்குதல் பற்றியே.

சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், உயிர் அந்தக்கரணங்களின் வேறு என நிறுவுகின்றது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயாகாரியமாகிய சடப்பொருள்கள்; உயிர்க்குக் கருவிகள்; அரசனுக்கு அமைச்சர் போல்வன. பொருநைக்கரை விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான முனிவரது மாபாடியங் கொண்டு இதனைப் பாடங் கேளாதார் நம்முள் அரியர். பாடத்தில் உடன்படுகின்றோம், வீட்டில் மறந்துவிடுகின்றோம். அமைச்சர் அனைவரும் சுரங்கண்டு கிடந்தால் அரசன் ஆணை வெளிப்படாது. அதனால் அவன் குடிகளை வெறுத்தான் என்பார் உளரோ? கண்ணிற் புரை படர்ந்தவனைக் காண விருப்பமிலான் என்னோம். மனமும் கருவியே, கருவி நோயுறும். குறுக்குத்துறை முருகன் கோயில் 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் நீருள் மறைந்தது. அவ்விடத்தே பெருமான் இலன் என்று கரையில் நின்றார் எவரும் கூறவில்லை.

நோய் வினைப்பயன் அன்றோ எனின், ஆம், கால்முறிவும் வினைப்பயனே. முறிந்த காலுக்குக் கட்டுப்போடுவாரை வினையை மறுத்தவர் என்று யாரும் பழிப்பதில்லை. ஆணவ இருளே இங்ஙனம் மூடியது என்பாரும் உளர். ஆணவம் எல்லா உயிர்க்கும் பொது. அங்ஙனம் கூறுவாரையும் அது விட்டுவைத்திலது.

கருவிக்கு வந்த நோயைக் கருவியறிந்தாரிடம் காட்டுதலே முறை. பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையில் மனநோய்க்கெனத் தனிப் பகுதி உண்டு. இந்நோய்க்குரிய மருந்து உண்ட அன்றே பயன் தருவதன்று. சில வாரங்கள் செல்லும். அதற்குள் “மருந்தும் வீண்” என்று எறிந்துவிட நோயாளர் முனைவர். சற்றே தெளிந்ததும் தாமே நிறுத்துவாரும் உண்டு. இரண்டிடத்தும் உடனிருப்பார் பொறுமை வேண்டும்.

யாம் கேட்கவே அஞ்சிய வினா ஒன்றிருந்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகுமோ என மயங்கினோம். அங்ஙனம் ஆகாது, நேரே கேளுங்கள் என்றார் மருத்துவர். கேட்டோம். “இருந்து என்ன பயன் என்று பலகாலும் தோன்றுகிறது” என்றார் தமையனார். அவ்வெண்ணத்தை அவர் சொல்லக் கேட்டது அதுவே முதன்முறை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரவில் தனியே விட்டிலேம். அத்தகைய வேளையில் மருத்துவரை அணுக இயலாதார்க்கு, 2022 முதல் அரசினர் நடத்தும் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே துணை கிடைக்கும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பர். இதனைப் பிழைபட உணர்ந்து, யாம் நாள்தோறும் அவர் செவியிற் பதிகம் ஓதத் தொடங்கினோம். “சற்று நிறுத்து” என்றார். அதன்பின் ஒன்றும் பேசாது அருகிருந்தோம். மதினிக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தோம். அம்மையார் உறங்கிப் பல நாள் ஆயிருந்ததை அப்பொழுதே கண்டோம். இரண்டு நாள் அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பினோம். அவர் எளிதில் இசையவில்லை.

மதினியின் வேண்டுகோளின்படி சங்கரநயினார்கோயிலுக்கும் சென்றோம். கோமதியம்மை சந்நிதி முன்னுள்ள சக்கரக்குழியில் மனநலங் குன்றியோரை இருத்தி வழிபடும் வழக்கம் அன்பர் அறிந்ததே. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மருந்துப்பொட்டலத்துடனேயே சென்றோம். தமையனார் சிறிதுபொழுது அங்கே அமர்ந்தார். யாமும் அருகே அமர்ந்தோம். அன்று மாற்றம் ஒன்றும் காணப்படவில்லை. அதனால் அவ்வழிபாடு பழுது என்றோ, மருந்து பழுது என்றோ யாம் கருதவில்லை.

ஏழாம் வாரத்தில் ஒருநாள், “காப்பி ஆறிப்போயிற்று” என்று குறைகூறினார். மதினி அடுக்களையில் நின்று அழுதார். இன்னும் சில நாட்கழித்து, விடியலில் எம்மை எழுப்பி ஆற்றுக்கு வருமாறு அழைத்தார். படித்துறையில் அமர்ந்து நீரையே நோக்கியிருந்தார். நீராடவில்லை, ஓதவும் இல்லை. யாமும் ஓதவில்லை. வெயில் ஏறியபின் எழுந்து வீடு திரும்பினோம்.