முதலில் கேபிளைப் பார்

அப்பா ஓட்டிய நாலு கியர் பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டிய வண்டி. போன மழைக்காலத்தில் திடீரென்று கியர் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. முதல் கியர் போட்டால் 'டங்'கென்று அடித்து வண்டி முன்னால் துள்ளும். சிக்னலில் நியூட்ரல் தேடினால் கிடைக்காது. கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு நின்றாலும், வண்டி முன்னால் ஊரப் பார்க்கும்.

பத்து நாள் முன்புதான் சர்வீஸ் விட்டிருந்தேன். தெருமுனைக் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன்தான் ஆயில் மாற்றினான். "அண்ணா, ரெண்டு மணிக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்று சொன்னபடியே கொடுத்தும் விட்டான். இப்போது எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே கத்தினேன்: "கியர்பாக்ஸையே காலி பண்ணிட்டியேடா!"

பையன் எதுவும் பேசவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். கடைக்காரர் எழுந்து வந்து வண்டியின் இன்ஜினை அணைத்தார். வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். நாலும் விழுந்தன.

"பாக்ஸ்ல ஒண்ணும் இருக்காது தம்பி. இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் மல்லுக்கட்டுது. அப்போ கிளட்ச் முழுசா விடல."

பிறகு கிளட்ச் லீவரை ஒரு விரலால் இழுத்தார். பாதி தூரம் வெறுமனே வந்தது. "இத யாரு இவ்ளோ லூஸ் பண்ணது?"

நான்தான். டிராஃபிக்கில் கை வலிக்கிறதென்று, இரண்டு நாள் முன்னால், லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டரை நானே திருகிவிட்டிருந்தேன். சுத்தமாக மறந்தும் போயிருந்தேன்.

கிளட்சின் வேலை எளிமையானது. இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டுகளை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கின்றன. லீவரை இழுத்தால் அந்த அழுத்தம் விலகித் தட்டுகள் பிரிய வேண்டும். இதற்கு இரண்டு நோய்கள் வரலாம். ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்குவது: ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி வேகமெடுக்காது. இன்னொன்று, விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுப்பது: கியர் அடித்துக்கொண்டு விழும், நியூட்ரல் கிடைக்காது. கேபிள் அதிக இறுக்கமாக இருந்தால் முதல் நோய், அதிகத் தளர்வாக இருந்தால் இரண்டாவது. அதனால்தான் பல பைக்குகளின் கையேடுகள் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கட்டும் என்கின்றன. நோயை மாற்றிக் கணித்தால், நாம் செய்யும் வைத்தியமே அதை முற்றச்செய்யும்.

பழுது தேடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் லீவரின் தளர்வு. பிறகு கேபிள்: உள்ளே இழை பிரிந்திருக்கிறதா, வளைவில் மாட்டுகிறதா. பிறகு ஆயில்: அளவும் தரமும் சரியா. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கிளட்ச் மூடியைக் கழற்றி, தட்டுகள் வளைந்திருக்கின்றனவா, அவை உட்காரும் கூடையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கியர்பாக்ஸைத் திறப்பது கடைசி. இந்த வரிசைக்குக் காரணம் செலவு மட்டுமில்லை. அட்ஜஸ்டரைத் திருகியது தப்பென்றால் திருப்பித் திருகிவிடலாம். மூடியைத் திறந்தால் கேஸ்கெட் பெரும்பாலும் கிழியும். பழையபடி ஒட்டாது, புதுசுதான் போட வேண்டும்.

வண்டி விஷயத்தில் இந்த வரிசை எனக்கும் தெரியும். மனிதன் என்று வந்ததும் நான் நேராக இன்ஜினைப் பிரித்துவிட்டேன்.

'தெரியாமல் சொல்லிட்டேன்' என்று இதைக் கடந்துவிடலாமா? நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். 1877இல் ஆங்கிலக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபோர்ட், நம்பிக்கையின் அறம் பற்றிய தன் கட்டுரையில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு தீவில், குழந்தைகளுக்கு முறைகேடான வழிகளில் மதம் போதித்ததாகச் சிலர்மீது குற்றம் சாட்டுகிறார்கள். விசாரணையில் அவர்கள் நிரபராதிகள் என்று தெரிகிறது. ஒருவேளை குற்றம் உண்மையென்று தெரியவந்திருந்தால்? அப்போதும் குற்றம் சாட்டியவர்கள் யோக்கியர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்கிறார் கிளிஃபோர்ட். அவர்கள் முன் இருந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு அப்படி நம்ப அவர்களுக்கு உரிமையே இல்லை.

இது என்னைக் குத்துகிறது. அந்தப் பையன் நிஜமாகவே தப்பான ஆயில் ஊற்றியிருந்தாலும், நான் செய்தது சரியாகியிருக்காது. லீவரை இழுத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். அதைக்கூட நான் செய்யவில்லை. ஏன்? பதில் அசிங்கமானது. பையன் திருப்பிப் பேச மாட்டான். கடைக்காரரே ஆயில் மாற்றியிருந்தால், "அண்ணே, கொஞ்சம் பாருங்களேன்" என்றுதான் ஆரம்பித்திருப்பேன். அவன்மேல் எனக்கு வந்த சந்தேகம் வண்டியைப் பார்த்து வந்ததில்லை.

கிளிஃபோர்டுக்கு வில்லியம் ஜேம்ஸ் 1896இல் பதில் சொன்னார்: முக்கியமான சில விஷயங்களில் ஆதாரம் முழுதாக வரும்வரை காத்திருக்க முடியாது, காத்திருப்பதும் ஒரு முடிவுதான். நியாயம்தான். மெக்கானிக்கும் ஊகத்தில்தான் ஆரம்பிக்கிறார். ஆனால் அவருடைய ஊகம் ஒரு சோதனையில் போய் முடிகிறது. தப்பென்றால் கைவிட்டு அடுத்ததற்குப் போகிறார். என் ஊகம் நாலு பேர் முன்னால் தீர்ப்பாகிவிட்டது. சந்தேகப்படாமல் வாழ முடியாது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிற சந்தேகத்திலிருந்து தொடங்கலாம். முதலில் என் கை பட்ட இடத்தைப் பார்க்கலாம்.

கடைக்காரர் ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி, மறுபடி இறுக்கினார். இரண்டு நிமிஷ வேலை. காசு வாங்கவில்லை. நியூட்ரல் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"பரவால்ல சார்," என்றான்.

அதுவரை என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.