ஏரி தெரியாத குசினி

எங்கள் கொட்டேஜில் ஆட்கள் அதிக நேரம் நிற்கும் இடத்திலிருந்து ஏரி தெரியாது. கவார்த்தா ஏரிகளில் ஒன்றான ஸ்ரேர்ஜன் ஏரியின் கரை அது. ஒன்ராறியோ ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் இணைக்கும் 386 கிலோமீற்றர் ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழி இந்த ஏரியினூடாகத்தான் போகிறது. இருப்பறையின் பெரிய யன்னலுக்கு முன்னால் கதிரையைப் போட்டால் நாள் முழுக்கப் படகு பார்க்கலாம். குசினி யன்னலில் தெரிவது கார்கள் நிற்கும் இடமும் குப்பைப் பெட்டியும். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர். கோடையில் குடும்பம் கூடும் சனி ஞாயிறுகளில், ஏரிக்கென்றே ரொறன்ரோவிலிருந்து காரோடி வரும் மச்சாள் அந்தக் கார்களைப் பார்த்தபடி புட்டு அவிக்கிறா. கோப்பை கழுவி முடித்து வெளியே வரும்போது ஏரி இருண்டுபோய்க் கிடக்கும்.

வரும் வசந்தத்தில் அந்தச் சுவரை எடுக்கப் போகிறோம். அதில் யோசிக்க எதுவுமில்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். கட்டட வேலையைப் பொறுத்தவரை அது சரிதான். கூரையில் விழும் பனியின் பாரத்தைத் தாங்கும் சுவர் என்பதால் பொறியியலாளர் கணக்குப் பார்த்து, ஒரு பீமும் அந்தப் பாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகத் தூண்களும் வரைந்து தந்திருக்கிறார். பெர்மிட் எடுக்கவேண்டும், காசு வேண்டும். எனக்குள் கிடந்த கேள்வி வேறு. சுவரை எடுத்தால் மச்சாளுக்கு ஏரி தெரியும். இருப்பறையில் இருப்பவர்களுக்கு மச்சாள் தெரிவா. தெரிந்த பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்?

யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் தனியே இருந்தது. விறகுப் புகைக்கும் நெருப்புக்கும் பயந்து அப்படிக் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தத் தூரம் வேறு காரியங்களுக்கும் உதவியது. விறாந்தையில் இருந்து அரசியல் கதைத்த ஆண்களுக்குச் சாப்பாடு எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குசினிக்குள் யார் காலடி வைக்கலாம், யார் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. அந்தக் குசினியின் மணத்தை நான் இன்றும் விரும்புகிறேன். அதற்காக அதன் ஒழுங்கை நல்லதென்று சொல்ல மாட்டேன்.

புகையும் சாதியும் இல்லாத இடத்திலும் குசினியைத் தனியாக்கித்தான் இருக்கிறார்கள். 1926இல் ஃபிராங்க்ஃபேர்ட் நகரத்தின் புதிய குடியிருப்புகளுக்காக மார்கரேட்டே ஷுட்டே-லிஹொட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வரைந்த குசினி 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். எட்டி எடுக்கும் தூரத்தில் எல்லாம் இருக்கவேண்டும், பெண்ணுக்கு நேரம் மிஞ்சவேண்டும் என்பது அவருடைய நோக்கம். நல்ல நோக்கம்தான். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். ஆனால் அதற்குள் இரண்டாவது ஆள் நின்று வேலை செய்ய இடம் இல்லை. உதவிக்கு வர நினைப்பவரையும் அந்த அறையே திருப்பி அனுப்பிவிடும். பதினொரு வருடம் கழித்து, 1937இல், விஸ்கொன்சின் மாநிலத்து மடிசனில் ஃபிராங்க் லொயிட் ரைட் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்கு 5,500 டொலரில் கட்டிய சிறு வீட்டில் குசினி சாப்பாட்டு மேசைப் பக்கம் திறந்துகொண்டது. வேலைக்காரர் வைத்துக்கொள்ள வசதியில்லாத குடும்பத்துக்கான வீடு அது. சமைப்பவளே வீட்டுக்காரி என்றான பிறகு அவளை ஒளித்து வைக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா. "சுவர் இருந்தபடியால்தான் பிள்ளை நாங்கள் மனம்விட்டுக் கதைச்சனாங்கள்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சீட்டுக்காசு கட்ட முடியாமல் தவித்த கதை, சித்தி மகளின் கலியாணம் குழம்பிய கதை, வன்னியில் காணாமல் போன தம்பியைப் பற்றி மாமி வாய் திறந்த ஒரே தடவை, எல்லாம் வெங்காயம் உரித்தபடி, கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தவை. ஆண்கள் காதில் விழும் என்றால் அதில் பாதி வெளியே வந்திராது. திறந்த வீடு எல்லாரையும் நெருக்கமாக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை. எல்லாருக்கும் கேட்கும் இடத்தில் மனிதர்கள் எல்லாருக்கும் பொருத்தமானதை மட்டும்தான் கதைப்பார்கள்.

ஆகவே வரைபடத்தை மாற்றினோம். பெரிய சுவர் போகிறது. சாமான் வைக்கும் சிறிய அறை கதவோடு இருக்கும், இரண்டு கதிரை போடும் அளவுக்கு அதை அகட்டியிருக்கிறோம். அடுப்பை நடுவிலுள்ள ஐலண்டில் வைக்கலாம் என்று கொன்ராக்டர் ஆசை காட்டினார், வேண்டாம் என்றேன். தாளிக்கிற வீட்டில் அடுப்பு வெளிச்சுவரோடு இருந்தால்தான் புகையை விசிறி நேரே வெளியே தள்ளும். மணத்தைக் கரி வடிகட்டிக்குள் விட்டு அறைக்கே திருப்பி அனுப்பும் விசிறி மீன் பொரிக்கிறவர்களுக்கு உதவாது. அதற்காக மிகப் பலமான விசிறியும் ஆபத்து. யன்னல்களைப் பூட்டியிருக்கும் குளிர்காலத்தில் அது காற்றை உறிஞ்ச, விறகுக் கணப்பின் புகை புகைபோக்கி வழியே கீழே இறங்கி வீட்டுக்குள் வரும். வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியும் வைக்கவேண்டும்.

நான் பிடிவாதமாக நின்றது சிங்குக்காகத்தான். எங்கள் வீட்டில் சமைப்பதைவிடக் கழுவுவதற்கு நேரம் கூடச் செல்லும். அப்படியானால் ஏரியைப் பார்க்கவேண்டியது சிங்க்தானே. ஐலண்டில் வைத்தால் கழிவுக் குழாய்க்கு வேண்டிய காற்றுக் குழாயைக் கூரைக்குக் கொண்டுபோகச் சுவர் இல்லையே என்று பிளம்பர் தயங்கினார். கடைசியில் பீமைத் தாங்கும் தூணுக்குப் பக்கத்தில் பெட்டியடித்து மேலே ஏற்றுவதாக முடிவாயிற்று. கொஞ்சம் செலவு கூட, கண்ணுக்கும் அவ்வளவு அழகில்லை. செய்யத்தான் வேண்டும்.

மற்றது அலுமாரிகள். மூடிய குசினியில் உப்பு எங்கே, பெரிய தாச்சி எங்கே என்பது ஒருவருக்குத்தான் தெரியும். உதவிக்கு வருகிறவர் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "நீங்களே செய்தால் கெதியாய் முடியும்" என்று திரும்பிப் போய்விடுவார். சுவரை எடுத்தாலும் இது மாறாது. எனவே கதவில்லாத தட்டுகள், நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரியும்படி. வரைபடத்தைப் பார்த்த அண்ணா, தான் ஆட்டிறைச்சிக் கறி வைக்கும் நாட்களில் கறித்தூள் எந்தத் தட்டில் இருக்கும் என்று கேட்டார். மச்சாள் பதில் சொல்ல வாயெடுத்தா. நான் மறித்து, அந்தத் தட்டுகளை அடுக்குகிற வேலையை அண்ணாவிடமே கொடுத்துவிட்டேன்.