ஜடாயுவுக்கு நாம் பட்ட கடன்



புரட்டாசி சனிக்கிழமை பூசை முடிந்து, ஆலய மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இராமாயணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜடாயு வீழ்ந்த கட்டம் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி கையைத் தூக்கினான். "ஐயா, கழுகு செத்த மாட்டைத்தானே தின்னும்? அதுக்குப் போய் ராமர் ஏன் கொள்ளி வச்சாரு?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர்கள் பல பேர் கேட்கத் தவறிய கேள்வி அது.

ஜடாயுவுக்கு வயதாகிவிட்டது. எதிரே நிற்பவன் இராவணன். ஜெயிக்க முடியாது என்று அந்தப் பறவைக்குத் தெரியாதா? தெரியும். "நமக்கேன் வம்பு" என்று மரக்கிளையில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்டது, எழுந்துவிட்டது. சிறகு அறுந்து தரையில் விழுந்த பிறகும், இராமன் வரும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து செய்தியைச் சொன்னது.

தசரதர் அயோத்தியில் இறந்தபோது இராமன் காட்டில் இருந்தான். பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் பேறு அவனுக்குக் கிட்டவில்லை. அந்தக் கடமையை அவன் செய்தது இந்தப் பறவைக்குத்தான். அது எதைத் தின்றது என்று அவன் பார்க்கவில்லை. என்ன செய்தது என்று பார்த்தான். தம்பியின் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை.

தமிழ்நாட்டுக்குப் போகும் நம்மவர்களில் பலர் நாடி ஜோதிடம் பார்க்க வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போவார்கள். அந்த ஊரின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். 'புள்' என்பது ஜடாயுதான். இராமன் ஜடாயுவுக்கு எரியூட்டிய இடம் என்று ஜடாயு குண்டத்தை அங்கே காட்டுவார்கள். நோய் தீர்க்கும் வைத்தியநாதர் வீற்றிருக்கும் அதே கோயிலில் ஜடாயுவின் சாம்பல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், ஜடாயுவின் குலம் நம் காலத்தில் அழிந்தது ஒரு மருந்தால்தான்.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கும் பறவைக்குத் தமிழில் பாறு என்று அழகான பழம்பெயர் உண்டு. இந்தியாவில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் 999 மறைந்துபோயின. யாரும் வேட்டையாடவில்லை. பிறகு என்ன நடந்தது?

காரணம் 2004-இல் வெளிவந்தது: டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடும் ஊசி. ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்துபோனால் மருந்து அதன் உடம்பிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும், சில நாளில் செத்துவிடும். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில்கூட அந்த மருந்து இருக்க வேண்டியதில்லை. அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் அழியும் என்று கணக்கிட்டார்கள். பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்தாறு வருடம் ஆகும். எப்படி ஈடுகட்டும்?

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊசியைப் போட்டவர் கெட்டவர் இல்லை. பசுவின் வலியைத் தாங்க மாட்டாமல் போட்டார். அன்பு இருந்தது. அந்த அன்பு அடுத்து எங்கே போய் முடியும் என்ற அறிவு இல்லை. நம் சமயம் பக்தியோடு ஞானத்தையும் சேர்த்துச் சொல்வது சும்மா இல்லை.

பாறு போனதும் சடலங்கள் அழுகிக் கிடந்தன, தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறக்குறைய 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று பொருளியல் ஆய்வு ஒன்று 2024-இல் மதிப்பிட்டது. நாம் 'அசுத்தம்' என்று ஒதுக்கிய பறவைதான் நம்மைச் சுத்தமாக வைத்திருந்தது.

பிறகு என்ன செய்தார்கள்? இராமனுக்கு வானரமும் கரடியும் அணிலும் கை கொடுத்தது போல, நாடுகள் கை கோத்தன. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. 2010-இல் வங்காளதேசமும் சேர்ந்தது. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. 2011-இல் பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து 'சேவ்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். 2020-இல் அங்கிருந்து 8 வெண்முதுகுப் பாறுகள் வானத்தில் விடப்பட்டன. நேபாளம் அதற்கு முன்பே, 2017-இல் பறக்கவிட்டுவிட்டது.

நேபாளத்து கிராம மக்கள் செய்ததுதான் என் மனத்தைத் தொட்டது. உழைத்து ஓய்ந்த மாடுகளை வாங்கி, இயற்கையாக இறக்கும் வரை பராமரிக்கிறார்கள். இறந்த பிறகு, நஞ்சில்லாத அந்த உடலைப் பாறுகளுக்கு வைக்கிறார்கள். 'ஜடாயு உணவகம்' என்றே அதற்குப் பெயர். பசுவையும் காத்தார்கள், ஜடாயுவையும் காத்தார்கள்!

தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில், மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் பாறுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. நம் தீபகற்பத்தின் வடக்கிலும் ஒரு காலத்தில் இருந்தன, இன்று இல்லை. ஆனாலும் வடக்கேயிருந்து சில வேளை விருந்தாளிகள் வருவதுண்டு. 2021 டிசம்பர் கடைசியில், நம்ம பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், பறக்கத் தெம்பில்லாத ஒரு கரும்பாறுவை மீட்டார்கள். பறவைப் பூங்காவில் உணவு கொடுத்துத் தேற்றி, ஜனவரியில் பறக்கவிட்டார்கள். பத்து வெள்ளி லாபம் உண்டா அதில்? இல்லை. இராமன் செய்த அதே வேலை.

"ஐயா, ஜொகூர்ல நாங்க என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். உங்கள் தாத்தா வேலை செய்த தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகை ஆந்தைக்குப் பெட்டிக் கூடு கட்டி வைக்கிறார்கள். அதே தோட்டத்தில் கடுமையான எலி மருந்தும் வைத்தால், மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. பாறுவின் கதை நம் வாசலிலேயே நடக்கிறது, பாருங்கள்! ஆகவே வீட்டிலோ ஆலயத்திலோ எலி மருந்து வைக்குமுன், முதலில் உணவுக் கழிவை மூடுங்கள், பொறி வையுங்கள். மாடு வளர்ப்பவர்கள் ஊசி போடுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆந்தையை 'அபசகுனம்' என்று கல்லால் அடிக்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துங்கள்.

ஜடாயுவுக்கு ஓர் அண்ணன். சம்பாதி என்று பெயர். தம்பியைச் சூரியனின் வெப்பத்திலிருந்து மறைக்கப் போய்ச் சிறகு கருகிப்போனவன். சீதை இருக்கும் இடத்தை வானரங்களுக்குச் சொன்னதும், அவனுக்குச் சிறகு மறுபடி முளைத்தது. பிஞ்சோரில் கூண்டு திறந்ததே, அப்போது முளைத்ததும் அந்தச் சிறகுதான் என்று நான் நம்புகிறேன்.

இராமன் தன் கடனைத் தீர்த்துவிட்டான். நம் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

வாழ்க வளமுடன்!