உஷஸ்தி மறுத்த தண்ணீர்

2020 செப்டம்பர் முதல் தேதியன்று, கொரோனா ஊரடங்கால் ஐந்து மாதங்களுக்கு மேலாகப் பக்தர்களுக்கு அடைத்துக் கிடந்த தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, வாசலில் உடல் வெப்பம் பார்க்கும் கருவியும் கைகளுக்குக் கிருமிநாசினியும் காத்திருந்தன. விக்கிரகங்களைத் தொடலாகாது, தீர்த்தமும் பிரசாதமும் வழங்கலாகாது என்ற நிபந்தனைகளோடு, 65 வயதைக் கடந்தவர்களும், கர்ப்பிணிகளும், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருப்பது நலம் என்ற ஆலோசனையும் சேர்ந்திருந்தது. அதுவரையில் சர்க்கார் செய்துவந்த ஒரு காரியம் அன்றைக்கு ஆரவாரமின்றிக் கைமாறிற்று. போகலாமா, கூடாதா என்ற கேள்விக்கு மார்ச் 25 முதல் சட்டமே விடை சொல்லிக்கொண்டிருந்தது. இனி அவரவர் விடையை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு தடையை நீக்கும்போது அரசாங்கம் எதைக் கணக்கிடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் எத்தனை படுக்கைகள் காலியாக உள்ளன, பிராணவாயு போதுமா, பரிசோதனைக்கு வருவோரில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று காணப்படுகிறது, கடைகள் அடைத்துக் கிடப்பதால் எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரியவில்லை என்பன போன்ற, கோடிக்கணக்கான ஜனங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் கணக்கே அது. அதில் தவறு காண நான் வரவில்லை. ராஜ்ய பரிபாலனத்துக்கு வேறு விதமான கணக்கு இருக்கவும் இயலாது. ஆனால் சர்க்கரை நோயும் இருதய பலவீனமும் உள்ள எழுபது வயதுக் கிழவரும், கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரனும் அந்தக் கூட்டுத்தொகையில் ஆளுக்கு ஒன்றாகவே நிற்கிறார்கள். கொரோனா நோயோ அவ்விருவரையும் ஒரே தராசில் வைப்பதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தபோது, சர்க்காரின் அநுமதி யாருக்கும் அபயம் ஆகாது என்பதை நாடு மிகுந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. மே 10 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு, ஜூலை 5 முதல் மறுபடியும் கோயில் தரிசனம், பின்னர் அக்டோபர் வரையில் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் மட்டும் அடைப்பு என்று அந்தக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை திறந்தபோதும், போகலாமா, கூடாதா என்ற அந்தக் கேள்வி வீடுதோறும் புதிதாக எழுந்தது.

அதற்கு நம் ஜனங்களிடம் தயாராக இருந்த விடை தலைவிதி. எழுதியபடிதான் நடக்கும், அகாலத்தில் யாரும் போவதில்லை, ஆகையால் முகக்கவசமும் இடைவெளியும் ஈசுவர சித்தத்தை நம்பாதவர்களின் உபாயங்கள் என்று வாதித்தவர்களில் படித்தவர்களும் உண்டு. இந்த வாதத்துக்குச் சரியான மறுமொழியை, விதியில் அசையாத நம்பிக்கை கொண்டிருந்த ஒருவரே ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் கலீபா உமர் ஷாம் என்ற சிரிய தேசத்தை நோக்கிப் பிரயாணம் செய்கையில், ஸர்கு என்ற இடத்தில் சேனைத் தலைவர்கள் அவரை எதிர்கொண்டு, அந்தத் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். அவர் பலரையும் கலந்து ஆலோசித்துத் திரும்பிப் போக நிச்சயித்தபோது, மாவீரரான அபூ உபைதா, இறைவனுடைய விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்டார். இறைவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்பது உமர் சொன்ன விடையின் சாரம். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு புறம் பசுமையாகவும் மறுபுறம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் புறம் மேய்த்தாலும் அவன் விதிப்படியே மேய்த்ததாகும் அல்லவா என்று அவர் மேலும் விளக்கினார். ஓடிப்போகும் கால்களையும் ஓடவேண்டும் என்று கண்டுகொள்ளும் புத்தியையும் விதிக்கு வெளியே நிறுத்துவதுதான் அவிசுவாசம் என்பது இதன் தாத்பரியம். ஜெர்மனியில் 1527-ஆம் ஆண்டு விட்டன்பர்க் நகரில் பிளேக் நோய் பரவியபோது மார்ட்டின் லூதரும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார்: மருந்தையும் ஜாக்கிரதையையும் உதறிவிட்டுத் தன் தைரியத்தைக் காட்டித் திரிபவன் கடவுளை நம்புகிறவனல்லன், அவரைச் சோதிக்கிறவன். இவ்விரு மகான்களுக்கும் பின்னே தலைவிதிக்காரர்களோடு நாம் தர்க்கம் வளர்க்க வேண்டியதில்லை.

எதிர்த் திசையில் மற்றொரு பிழை இருந்தது. அபாயம் என்பதே எள்ளளவும் இல்லாத நாள் வரும்வரையில் வாசற்படியைத் தாண்டுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டவர்கள், அந்தச் சங்கற்பம் யாருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவிச் சந்தை மூடப்பட்டு, திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, மூட்டை தூக்கியவர்களையும் காய்கறி விற்றவர்களையும் பொறுப்பற்றவர்கள் என்று ஏசியவர்களில் பெரும்பாலோர், அந்த மூட்டையில் வந்த கத்தரிக்காயைத் தங்கள் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டவர்கள். மாதச் சம்பளம் உள்ளவனுடைய எச்சரிக்கையும் அன்றாடக் கூலியை நம்பியவனுடைய துணிவும் குணத்தின் வேற்றுமையால் வந்தவை என்று எண்ணுவது நியாயமாகாது.

அவ்வாறாயின் எதைக்கொண்டு நிறுப்பது? நம்முடைய பழைய நூல்களில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஆபத்தர்மம் என்று ஒரு பெரும் பகுதியே உண்டு. பஞ்ச காலத்தில் விசுவாமித்திரர் சண்டாளன் குடிசையில் நாய் மாமிசம் திருடப் புகுந்த கதை அங்கேதான் வருகிறது. அதைவிடச் சிறியதும், நம் காரியத்துக்கு அதைவிட நெருங்கியதுமான ஒரு கதை சாந்தோக்கிய உபநிஷதத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. குரு நாட்டில் பயிர்கள் நாசமாகிப் பஞ்சம் வந்த காலத்தில், உஷஸ்தி சாக்கிராயணர் என்பவர் தம் மனைவி ஆடிகீயுடன் மிக்க வறுமையில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தார். அங்கே யானைக்காரன் ஒருவன் பயறு தின்றுகொண்டிருக்கக் கண்டு, தமக்கும் கொஞ்சம் தரும்படி யாசித்தார். தன் முன்னால் இருக்கும் இந்த எச்சிற் பயற்றைத் தவிர வேறில்லை என்று அவன் சொன்னான். அதிலிருந்தே கொடு என்று வாங்கி உண்டார். பிறகு அவன் குடிக்கத் தண்ணீரை நீட்டியபோது, அது எச்சில் என்று மறுத்துவிட்டார். யானைக்காரன் விடவில்லை. அந்தப் பயறு மட்டும் எச்சில் இல்லையோ என்று கேட்டான். பயற்றை உண்ணாதிருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன், தண்ணீரோ நான் விரும்பினால் வேறிடத்திலும் கிடைக்கும் என்று உஷஸ்தி விடையிறுத்தார்.

ஆசாரம் பற்றிய கதையாக இதைப் படித்து அப்பால் போய்விடுகிறவர்கள் உண்டு. எச்சிலைப் பற்றிய அவர்களுடைய கவலை இன்றைக்கு நமக்கு முக்கியமன்று. அந்த மனிதர் நிறுத்த விதமே முக்கியம். பயற்றிலும் தண்ணீரிலும் தோஷம் ஒன்றே. கொடுத்த கையும் ஒன்றே. நிமிஷ நேரத்துக்குள் நடந்த காரியங்கள் இரண்டும். தோஷம் எவ்வளவு என்று உஷஸ்தி அளந்துகொண்டிருக்கவில்லை. இது எனக்கு எதற்காக வேண்டும், இதை வேறு வழியில் பெற முடியுமா என்ற இரண்டையுமே கேட்டார். விதி ஒரு முறை தளர்ந்துவிட்டது, ஆகவே இன்றைக்கு முழுவதும் தளர்ந்ததுதான் என்று அவர் கொள்ளவில்லை. தேவை முடிந்த இடத்தில் தளர்வும் முடிந்தது.

ஊரடங்கு தளர்ந்த நாட்களில் நாம் செய்தது இதற்கு நேர்விரோதம். அபாயத்தின் அளவைப் பற்றி இரவு பகலாக விவாதித்தோம். இன்றைக்கு மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தொற்று, இந்த முகக்கவசம் எத்தனை பங்கு தடுக்கும், அடுத்த அலை எப்போது என்று பத்திரிகைகளைப் புரட்டினோம். இவற்றில் பலவற்றை நிபுணர்களே நிச்சயமாகச் சொல்ல முடியாத நிலையில் இருந்தார்கள். சாமானியன் எங்ஙனம் அறிவான்? ஆனால் தான் போகும் காரியம் பயறா, தண்ணீரா என்பதை அறிய எந்த நிபுணரும் வேண்டியதில்லை. நிறுக்க முடியாததை நிறுக்கப் பார்த்து, நிறுக்கக் கூடியதை நிறுக்காமல் விட்டோம். இறந்துபோன தந்தைக்குக் கொள்ளி வைக்கப் போகிறவனும், கலியாண வீட்டில் நானூறு பேரோடு பந்தியில் உட்காரப் போகிறவனும் ஒரே சுவாசத்தில்தான் அபாயத்துக்குள் நுழைகிறார்கள் என்றாலும், இருவரும் செய்தது ஒன்றென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. ஒருவனுக்குத் தண்ணீராக இருப்பது மற்றொருவனுக்குப் பயறாக இருக்கலாம். 2020-இலும் 2021-இலும் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்களின்றி நடந்தது. தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட ஸ்திரீகள் எத்தனையோ பேர். கள்ளழகர் வைகைக்கு வராமல், அவருடைய திருவிழா அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே முடிந்தது. 2022 ஏப்ரல் 16 அன்று அவர் மீண்டும் ஜனசமுத்திரத்தின் நடுவே ஆற்றில் இறங்கியபோது, இரண்டு வருஷ ஏக்கம் அந்தக் கரையில் திரண்டு நின்றது. அந்த ஏக்கத்தை அநாவசியம் என்று தள்ளிவிட நான் யார்? (அன்றைய நெரிசலில் இருவர் உயிர் போயிற்று. நாம் இரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அபாயம் அதுவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.) வெளியிலிருந்து ஒருவன் இன்னொருவனுடைய பயற்றைத் தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொருவனும் தன் தண்ணீரைப் பயறு என்று சாதித்துவிட முடியும். தப்பிக்கும் வழி கதையிலேயே இருக்கிறது. உஷஸ்தியின் நியாயம் அவர் மனத்துக்குள் மறைந்து கிடக்கவில்லை. யானைக்காரன் கேட்டான், அவன் முகத்துக்கு நேரே அவர் விடை சொன்னார். நம்மிடம் அவ்வாறு கேட்க உரிமையுள்ளவர் யார் என்பதுதான் அடுத்த வினா. அதற்குக் காந்தியடிகளின் வாழ்வில் ஒரு விடை இருக்கிறது.

1904-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் இந்தியர்கள் வசித்த பகுதியில் சுவாசத்தால் பரவும் கொடிய பிளேக் நோய் கண்டபோது, காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்கு அவர் தாமே சிசுருஷை செய்தார். உயிருக்கு அஞ்சாத இந்தச் செய்கையைப் பலரும் போற்றியிருக்கிறார்கள். அதை ஒட்டி அவர் தம் சுயசரிதத்தில் சொல்லும் இரண்டு சிறிய விஷயங்களை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. அவருடைய அலுவலகத்தில் இருந்த ரிட்ச் என்பவர் தாமும் சேவைக்கு வர முன்வந்தார். அவருக்குப் பெரிய குடும்பம் இருந்தபடியால் காந்தி அவரைத் தடுத்து, வெளி வேலைகளை ஒப்படைத்தார். தாம் வழக்கமாக உணவருந்தும் சைவ உணவு விடுதியில், மற்றவர்கள் வருமுன்பே உண்டு முடித்து வெளியேறிவிடுவதாக வைத்துக்கொண்டு, தாம் பிளேக் நோயாளிகளோடு பழகுவதை அதன் சொந்தக்காரரிடமும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டார். தம் உயிரைப் பற்றி ஒரு கணமும் தயங்காத அதே மனிதர், பக்கத்து மேஜைக்காரருடைய உயிரைப் பற்றி இத்தனை தயங்கினார். தம் சொத்தைத் தானம் செய்வதில் தாராளமாக இருந்தவர், பிறர் சொத்தில் கை வைக்கவில்லை.

கொரோனா விஷயத்தில் சொந்த அபாயம் என்று நாம் பேசியதில் பாதி இந்தப் பிறர் சொத்துதான். இருபது வயதுப் பையன் சிநேகிதர்களோடு கூடிக் களித்துத் திரும்பியபோது, பணயம் வைத்தது பெரும்பாலும் தன் உயிரையன்று; வீட்டில் கூடத்து மூலையில் படுத்திருந்த பாட்டியின் உயிரை. 2021-இல் தடுப்பூசி பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு பணயத்தின் தொகை குறைந்தது. ஆயினும் அது யாருடையது என்பது மாறவில்லை.

இந்த இடத்தில்தான், எனக்குத் தோன்றுகிறபடி, நம் குடும்பங்களில் மிகப் பெரிய அநீதி அன்பின் பெயரால் நடந்தது. பாட்டி வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதிக்குப் போக வேண்டும் என்றாள். கூடாது என்று எல்லோரும் ஏகமாய்த் தடுத்தோம். அவளுக்கு இனி எத்தனை ஆடி வெள்ளி மிச்சம் இருக்கிறது என்ற கணக்கை அவள் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தாள். நீண்ட நாள் உயிரோடிருப்பதா, குறைந்த நாளானாலும் சந்நிதியில் நிற்பதா என்று நிறுக்கும் அதிகாரம் அவளைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. அவள் தானாக விரும்பி ஏற்கவிருந்த அபாயத்தை அவளுக்கு மறுத்தோம். அதே வாரத்தில், அவள் விரும்பாத, அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காத அபாயத்தை, அலுவலகத் தோழர் வீட்டு வளைகாப்பிலிருந்தும் நண்பர் மகனுடைய வரவேற்பிலிருந்தும் அவளுடைய கூடத்துக்கு நாமே கொண்டுவந்து சேர்த்தோம். நம் போக்குவரவைப் பற்றி அவள் யானைக்காரனைப் போல் ஒரு முறை கேட்டிருந்தால், உஷஸ்தியைப் போல் எத்தனை பேரால் விடை சொல்லியிருக்க முடியும்?

அவளையும் உட்கார்த்தி வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் இதைப் பேசியிருக்கலாம். கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலையில், நடை திறக்கும் வேளைக்கு, முகக்கவசத்தோடு அவள் போய்வருவது, அதற்குப் பத்து நாள் முன்னும் பின்னும் மற்றவர்கள் விருந்துகளை விட்டுவிடுவது என்று ஓர் ஏற்பாடு எந்த வீட்டிலும் சாத்தியமாகவே இருந்தது. அந்த இருபது வயதுப் பையனிடம் கேட்டிருந்தால் அவன்கூட மறுத்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன்.